கேசர் குடிசையில் தங்கிய பீபி

கேசரைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லுகிறவர்கள் எல்லாம் என் முன்னால் வந்து நில்லுங்கள். ஒவ்வொருத்தருக்கும் பதில் வைத்திருக்கிறேன். மூன்று பெண்கள் வெயிலில் நடந்து வந்து காலடியில் முக்காட்டைப் போட்டார்களாம், அப்போதும் இவள் மனசு இளகவில்லையாம். டீக்கடையில் உட்கார்ந்து இப்படிக் கதை அளக்கிறார்களே, அவர்களில் ஒருத்தனாவது அன்றைக்கு அந்தக் குடிசைக்குள் இருந்தானா? நான் இருந்தேன். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

என் பெயர் தானி. கேசருடைய புருஷன் கேமோவும் என் புருஷனும் கூடப் பிறந்தவர்கள். அதனால் அவள் எனக்கு அக்கா. நாங்கள் கோலிச் சாதிக்காரர்கள். சிந்து நதித் தண்ணீர் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து பாய்கிற இந்தப் பக்கத்தில் பருத்தி, மிளகாய், கரும்பு எல்லாம் எங்கள் கை பட்டுத்தான் விளைகிறது. ஆனால் ஒரு மிளகாய்ச் செடிகூட எங்களுடையது இல்லை. ஜமீன்தார் குர்பான் வடேராவின் பண்ணையில் பிறந்தோம், அங்கேயே கல்யாணம் கட்டினோம், அங்கேயே பிள்ளை பெற்றோம். எந்தத் தாத்தா எந்தச் சாவுக்கு வாங்கிய கடனோ தெரியாது. விளைந்தது எல்லாம் வடேராவின் கிடங்குக்குப் போகும், கடன் மட்டும் எங்களோடு தங்கும். பண்ணை வாசலில் துப்பாக்கியோடு ஆள் நிற்பான். சந்தைக்குப் போக வேண்டுமென்றாலும் வீட்டில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கேசருக்கு வாய் நீளம். எங்கள் கல்யாணங்களில் பெண் வீட்டுக்காரிகள் மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டிப் பாடுவது முறை. அதற்கு அக்காவை விட்டால் ஆள் கிடையாது. ஒருமுறை பண்ணையின் கம்தார் சுலேமான், எங்களை வேலை வாங்குகிற மேற்பார்வைக்காரன், வேலிக்கு வெளியே நின்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பாட்டு பாதிக்கு மேல் போன பிறகுதான் அது அவனுடைய மீசையைப் பற்றியது என்று அந்த மண்டையில் ஏறியது. மறுநாள் எங்கள் எல்லோருக்கும் மதியக் கஞ்சி இல்லை. ‘பசிச்சா என்னடி, இன்னொரு பாட்டு பாடவா?’ என்றாள் அக்கா.

கேமோவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று கேட்டோம். பருத்தி எடுப்பு முடியட்டும் என்றான் கம்தார். பருத்தி முடிந்தது, கேமோவும் முடிந்தான். பாவி கம்தார், அன்றைக்கும் பாக்கி வேலையை யார் செய்வது என்றுதான் கேட்டான்.

அக்காவின் வளையல்களை நான்தான் கழற்றினேன். எங்கள் பெண்கள் கல்யாணமானதும் மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெள்ளை வளையல் அடுக்கிக்கொள்வார்கள். புருஷன் போனால்தான் அது இறங்கும். கேசரின் கறுத்த கையில் வளையல் இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்து, வரிவரியாகப் பதிந்து கிடந்தது. அது மறையப் பல மாதம் ஆனது.

அதற்குப் பிறகு அவள் அங்கே இருக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு நாள் பட்டப்பகலில் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு, ஆட்டைப் பிடித்துக்கொண்டு, மகன் தேவ்ஜியோடு கிளம்பிவிட்டாள். நாங்களும் பின்னாலேயே போனோம். கால்வாய்ப் பாலத்தில் வடேராவின் மகன் அல்தாஃப் துப்பாக்கியோடு மறித்தான்.

“ஆட்டை விட்டுட்டு எல்லாரும் திரும்புங்கடா.”

“இது எங்க ஆடுங்க,” என்றான் தேவ்ஜி.

“எங்க பண்ணைப் புல்லத் தின்ன ஆடு எப்படிடா உன் ஆடு?”

“அப்போ நாங்க எடுத்த பருத்தியில சட்டை போட்டிருக்கீங்களே, நீங்க எங்க ஆளா சின்ன எசமான்?”

அம்மாவின் வாய் பிள்ளைக்கும் இருந்தது. அதற்கு அல்தாஃப் கொடுத்த பதில் ஒரு குண்டு. மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை. பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தான். அம்மாவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான், அதற்குள் போய்விட்டான்.

கேசர் அழவில்லை. கொண்டுவந்த கட்டிலில் அவனைப் படுக்கவைத்து, நாங்கள் நாலு பேர் தூக்க, தார்ச்சாலைக்கு வந்தாள். நடுச்சாலையில் கட்டிலை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரும்பு லாரிகள் கண்ணுக்கு எட்டியவரை நின்றன. ஒரு போலீஸ்காரன் வந்து, “எழுந்திரும்மா, சாப்பாட்டு நேரம் ஆச்சு” என்றான். “என் பிள்ளைக்கும் பசிக்குது, எழுப்பிக் குடுய்யா” என்றாள். வழக்கு எழுதிய பிறகுதான் கட்டிலைத் தூக்க விட்டாள்.

அல்தாஃப் ஜெயிலுக்குப் போனான். கோர்ட் ஆட்கள் பண்ணைக்கும் போனார்கள். அவர்கள் வருவதற்குள், எங்களைப் போல அடைபட்டுக் கிடந்த மற்றக் குடும்பங்களை வடேரா கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட்டான். என் நிலத்தில் கடனுக்கு உழைக்கிற ஹாரிப் பண்ணையாள் ஒருத்தன்கூடக் கிடையாது என்று கோர்ட்டில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தான். அந்தச் சத்தியத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் நகரத்துக்கு வெளியே, பண்ணைகளிலிருந்து தப்பி வந்த ஹாரிகள் குடிசை போட்டிருக்கிற முகாமுக்கு வந்து சேர்ந்தோம். தேவ்ஜியை அதற்குப் பின்னால் இருக்கிற மேட்டில் புதைத்தோம். ஆட்டையும் விட்டுவிடவில்லை. அது ஒரு கிடாக்குட்டி போட்டது. அதற்கு அக்கா ‘எசமான்’ என்று பெயர் வைத்தாள். ‘ஏய் எசமான், குப்பையில வாய் வெக்காத! கழுதை, சொன்னாக் கேக்குதா பாரு!’ என்று அவள் போடுகிற சத்தம் முகாம் முழுக்கக் கேட்கும். அதைக் கேட்டுச் சிரிப்பதுதான் எங்களுக்கு அப்போது இருந்த ஒரே வாய்ருசி.

வழக்கு கூடிவந்தது. பாலத்தில் நின்று பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். இனி வடேராவுக்கு ஒரே வழிதான். எங்கள் நாட்டுச் சட்டத்தில், கொலைசெய்தவனைச் செத்தவனின் சொந்தம் மன்னித்துவிட்டால் விட்டுவிடலாம். தேவ்ஜிக்கு இருந்த சொந்தம் அம்மா ஒருத்திதான். அவள் ‘மன்னிச்சேன்’ என்று கோர்ட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அல்தாஃப் மறுநாளே அதே பாலத்தில் துப்பாக்கியோடு நிற்பான்.

முதலில் வடேரா பணத்தோடு ஆள் அனுப்பினான். அக்கா அந்த ஆள் மேல் சாணித் தண்ணீரை ஊற்றினாள். பிறகு எங்கள் சாதித் தலைவர் ராய்மல் முக்கி வந்து உட்கார்ந்தார்.

“கேசரு, போன பிள்ள திரும்பி வரப் போறதில்ல. பெரிய இடத்தோட எதுக்கும்மா நமக்குப் பகை?”

“முக்கி மாமா, உங்க வாசல்ல புதுசா ஒரு எருமை நிக்குதாமே. பால் நல்லாக் கறக்குதா?”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. விசாரணைக்கு முதல் நாள் மேர் வந்து இறங்கியது.

எங்கள் பக்கத்தில் எத்தனை தலை உருண்ட பகையானாலும், குற்றம் செய்தவன் வீட்டுப் பெண்கள் கால்நடையாக நடந்து வந்து வாசலில் முக்காட்டைக் கழற்றி வைத்துவிட்டால் மன்னித்துத்தான் ஆக வேண்டும். அதற்குத்தான் மேர் என்று பெயர். பதில் கிடைக்காமல் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்புகிற வீட்டில் அதற்குப் பிறகு யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். இந்த மரியாதையெல்லாம் பெரிய மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொள்வது. ஒரு கோலிச்சி வாசலுக்கு எந்த வடேராவும் மேர் அனுப்பியதில்லை. அதனால் வெள்ளை ஜீப் சாலையில் நின்று, கறுப்புப் பர்தாவில் மூன்று பெண்கள் இறங்கி நடந்து வந்தபோது முகாமே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

முன்னால் கம்தார் சுலேமான், பக்கத்தில் ராய்மல் முக்கி. கம்தார் எல்லோர் காதிலும் விழும்படி கத்தினான்.

“நல்லாப் பாத்துக்குங்க! இது எசமானோட வீட்டுக்காரம்மா, பெரிய பீபி! இது எசமானோட தங்கச்சி! இது மக! தூசியில கால் வெக்காதவங்க, உன் வாசலுக்கு நடந்து வந்திருக்காங்க கேசரு! ஒன் ஏழு தலைமுறையில யாருக்குடி கெடைச்சிருக்கு இந்த மரியாதை?”

அந்நிய ஆண்கள் காதில் குரல் விழக் கூடாது, அதனால் பீபிகள் பேச மாட்டார்கள் என்றும் சொன்னான். மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்தார்கள். பெரிய பீபி மடியிலிருந்து ஒரு பட்டு முக்காட்டை எடுத்து அக்காவின் காலடியில் போட்டாள். கூட்டத்தில் சில கிழவிகள் அழுதேவிட்டார்கள். பகைவன் பெண்டாட்டி ஆனாலும் அவளும் தாய்தானே என்று நினைத்தேன். மடச்சி நான்.

அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க பீபி” என்று குடிசைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஆண்கள் வெளியே நின்றுவிட்டார்கள். நான் பானையிலிருந்து எங்கள் மண்கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு நீட்டினேன். பெரிய பீபி அதைச் சட்டென்று வாங்கி, மடக்மடக்கென்று குடித்து, கிண்ணத்தை மற்றவளிடம் கொடுத்தாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். டீக்கடையில் எங்களுக்குத் தனிக் குவளை. நாங்கள் தொட்ட கயிற்றைக் கழுவிவிட்டுத்தான் கிணற்றில் போடுவார்கள். வடேராவின் பெண்டாட்டி கோலி வீட்டுக் கிண்ணத்தில் வாய் வைப்பாளா? அவன் எல்லாம் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான். பேசாதே, முகத்தைத் திறக்காதே, முக்காட்டை இப்படிப் போடு. கோலி வீட்டுத் தண்ணீரைக் குடிக்காதே என்று சொல்ல மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

அக்கா குனிந்து பெரிய பீபியின் பர்தாக் கையை முழங்கைக்கு மேல் தள்ளினாள். கறுத்த கை. மணிக்கட்டிலிருந்து மேலே வெளுத்து, வரிவரியாகப் பள்ளம்.

அக்கா குரலைத் தாழ்த்தி, “யாருடி நீ?” என்றாள்.

முகத்திரை விலகியது. ஜீவ்தி! எங்கள் பக்கத்துக் காட்டில் பருத்தி எடுத்தவள். அவளுடைய புருஷன் உயிரோடு இருக்கிறான், அங்கேயே மாடு மேய்க்கிறான்.

“வளையல் எங்கடி?”

“பீபி கையில கோலி வளையல் இருந்தா அடையாளம் தெரிஞ்சுடும்னு கம்தார் ஒடைக்கச் சொல்லிட்டான் அக்கா. எங்க மூணு பேருக்கும். எங்க ஆம்பளைங்களையே கல்ல எடுத்து ஒடைக்க வெச்சான்.”

புருஷன் உயிரோடு இருக்க, அவன் கையாலேயே பெண்டாட்டியை விதவையாக்கி அனுப்பியிருக்கிறான் நாசமாய்ப் போகிறவன். தன் வீட்டுப் பெண்களின் கால் எங்கள் வாசலை மிதிக்கக் கூடாது. ஆனால் மன்னிப்பு மட்டும் வேண்டும். அதற்கும் எங்கள் பெண்கள்தான் கூலி வேலை செய்ய வேண்டும்.

“நீ மன்னிச்சேன்னு சொல்லிரு அக்கா,” என்று ஜீவ்தி காலைப் பிடித்தாள். “என் பிள்ளைங்க ரெண்டும் அவன்கிட்ட இருக்கு. இவளுங்க பிள்ளைங்களும்தான். பதில் வாங்காம வந்தீங்கன்னா பிள்ளைங்களப் பாக்கவே முடியாதுன்னான்.”

கேசர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பீடியை எடுத்தாள், பற்றவைக்கவில்லை. வெளியே கம்தார், “என்னடி ஆச்சு, பதிலச் சொல்லு!” என்று கத்திக்கொண்டிருந்தான்.

நான்தான் பொறுக்காமல் கேட்டேன். “அக்கா, நம்ம பிள்ள போயிட்டான். அதுங்க உயிரோட இருக்குதுங்களே. என்ன பண்ணப் போற?”

“வாய மூடு தானி. இன்னைக்கு இதுங்களுக்காக மன்னிச்சேன்னா, நாளைக்கும் அதே பண்ணை, அதே பாலம். அவன் திரும்பி வந்து நிப்பான். இதுங்க பிள்ள எத்தன நாளைக்கு உயிரோட இருக்கும்னு நெனைக்கிற?” என்று சீறினாள். பிறகு ஜீவ்தியின் முகத்திரையைத் தானே இறக்கிவிட்டாள். “நீ பெரிய பீபி. புரியுதா? நான் சொல்ற வரைக்கும் நீ பெரிய பீபிதான்.”

வெளியே வந்து கையைக் கூப்பினாள். இந்தக் கையா கூப்புகிறது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

“கம்தார் ஐயா, இவ்ளோ பெரிய மனுஷிங்க வந்திருக்காங்க. நான் என்ன சொல்றது? நாளைக்குக் கோர்ட்டுல, ஜட்ஜ் ஐயா முன்னாடி பதில் சொல்லிடறேன். அதுவரைக்கும் பீபிங்க இங்கயே தங்கட்டும்.”

“இங்கயா? இந்தக் குடிசையிலயா? பைத்தியமாடி ஒனக்கு? பீபி, எழுந்து வாங்க!”

உள்ளே யாரும் அசையவில்லை.

“மேர் வந்தவங்க பதில் கேக்காம எழுந்திரிக்கக் கூடாது. அதானே மொறை? முக்கி மாமா, நீங்களே சொல்லுங்க.”

நூறு பேர் பார்க்க, ராய்மல் முக்கி துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “மொறை அதுதான்” என்றார்.

கம்தார் குடிசைப் பக்கம் ஒரு அடி வைத்தான். அக்கா குறுக்கே நின்றாள். “எங்க போற? எசமானோட பொண்டாட்டி கையப் பிடிச்சு இழுக்கப் போறியா? இழு பாப்போம். எசமான்கிட்ட நானே வந்து சொல்றேன்.”

அவன் முழித்த முழி இருக்கிறதே! தானே கூவிக் கூவிச் சொன்ன பெயர். இப்போது வேலைக்காரி என்றும் சொல்ல முடியாது, பீபி என்று விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அந்த நேரம் பார்த்துக் கிடா அவன் சட்டை நுனியைக் கடித்தது. “ஏய் எசமான், விடு! கண்டதையும் திங்காத!” என்றாள் அக்கா. முகாம் முழுக்கச் சிரித்தது. கோர்ட்டில் மன்னிக்கிறேன் என்றுதானே சொல்லுகிறாள் என்று தன்னையே தேற்றிக்கொண்டு கம்தார் ஜீப்பில் ஏறினான்.

அன்று சாயங்காலம் கம்பு ரொட்டியும் வெங்காயமும் மிளகாயும்தான். ஜீவ்தி ஒரு வாய்கூடத் தின்னவில்லை, பிள்ளைகள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா அவள் தலையை மடியில் சாய்த்து, விளக்கு வெளிச்சத்தில் பேன் பார்த்துவிட்டாள்.

மறுநாள் மூன்று பர்தாக்களையும் சுசுகி வண்டியில் ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனோம். குர்பான் வடேரா வெள்ளைச் சட்டையில், தோளில் அஜ்ரக் சால்வையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் அவனைப் போன்ற வடேராக்கள். கூண்டில் அல்தாஃப், ஜெயில் சோற்றில் கொஞ்சம் பூசினாற்போல்கூட இருந்தான்.

வடேராவின் வக்கீல் எழுந்து, வீட்டுப் பெண்களே நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்கள், அந்தத் தாயும் வழக்கப்படி இணங்கிவிட்டாள் என்று பணிவாகச் சொன்னான். ஜட்ஜ் அக்காவைப் பார்த்தார்.

“அப்படியாம்மா? இவங்க வீட்டுப் பெண்கள் வந்தாங்களா?”

“வந்தாங்க ஐயா. இதோ பின்னாடி நிக்கிறாங்களே, அது பெரிய பீபி, அது தங்கச்சி, அது மக. ராத்திரி முழுக்க என் குடிசையிலதான் இருந்தாங்க. நான் தின்ன தட்டுலதான் ரொட்டி. என் கோரப்பாயிலதான் படுக்கை. பெரிய பீபி நல்ல மாதிரி ஐயா, தலையில கொஞ்சம் பேன் ஜாஸ்தி. நானே மடியில போட்டு எடுத்துவிட்டேன்.”

பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்திலிருந்த வடேரா ஒருத்தன்கூட மீசைக்குள் சிரித்தான். குர்பான் வடேராவுக்கு முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தான், அவன் உட்காரவில்லை.

“வாய மூடுடி நாயே! என் வீட்டுப் பொம்பளைங்க கோலிச்சி குடிசையில கால் வெப்பாங்களா? என் பொண்டாட்டி வீட்டுல இருக்கா! அதுங்க என் பண்ணை ஹாரிங்களோட பொண்டாட்டிங்க! நான் அனுப்பினேன், வந்துச்சுங்க!”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“உங்க பண்ணை ஹாரிங்களா? ஒருத்தரும் இல்லைன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தீங்களே,” என்றார் ஜட்ஜ்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். “ஜீவ்தி, இப்போ மூஞ்சியத் தெறடி.”

ஜீவ்தி திறந்தாள். இரண்டு கைகளையும் தோள்வரை காட்டினாள். வளையல் உடைத்ததைச் சொன்னாள். “எங்க பிள்ளைங்க இன்னும் அங்கதான் இருக்கு ஐயா, கால்வாய்க்கு அந்தப் பக்கம், கரும்புக் கொட்டகையில” என்றாள். வடேராவை வெளியே விடாமல் அங்கேயே உட்காரவைத்து, ஜட்ஜ் கோர்ட் ஆட்களையும் போலீசையும் அனுப்பினார்.

“மன்னிப்பு?” என்று கடைசியாக அக்காவிடம் கேட்டார்.

“இல்ல ஐயா.”

சாயங்காலம் போலீஸ் வேன் முகாமுக்கு வந்தது. ஜீவ்தியின் பிள்ளைகள், புருஷன், மற்றக் குடும்பங்கள், ஒரு கிழட்டு மாடு எல்லாம் இறங்கின. ஜீவ்தி போட்ட கூச்சலில் ஆடுகள் மிரண்டு ஓடின. முகாம் பெண்கள் ஆளுக்கு இரண்டு மூன்று வளையலைத் தங்கள் கையிலிருந்து கழற்றித் தந்தார்கள். நான்தான் அந்த மூன்று பேருக்கும் அடுக்கிவிட்டேன். கேசர் விதவை, தொடக் கூடாது. அவள் தள்ளி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு, “மேல இறுக்கமாப் போடுடி, வேலை செய்யும்போது நழுவும். ஒனக்கு ஒண்ணும் தெரியாது” என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. அல்தாஃப் இன்னும் உள்ளேதான். வடேரா ஜாமீனில் வந்துவிட்டான், பெரிய ஆள் அல்லவா? கேசர் மேரைத் திருப்பி அனுப்பிய பாவி என்று ராய்மல் முக்கி ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறார். போன வாரம் எங்கள் வாசலுக்கே வந்து சொன்னார்.

“எந்த மேர் மாமா?” என்று கேட்டாள் கேசர். “என் வாசலுக்கு மேரே வரலியே. அவன் பொண்டாட்டி நெசமாவே நடந்து வரட்டும். நான் தண்ணி குடுக்கறேன், அவ குடிக்கட்டும். அப்புறம் நானே கையப் பிடிச்சுப் பின்னாடி மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். மன்னிக்க வேண்டியவன் அங்கதான் படுத்திருக்கான். அவன்கிட்டயே கேக்கட்டும்.”